எரிமலைப் பாடம்: குழந்தைகளுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும், எப்படிப் பழக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எரிமலை பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். கூடவே இயற்கைப் பேரிடர்களில் தங்களைக் காத்துக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும். வினிகரும் சமையல் சோடாவும் வைத்துச் செய்யும் மாதிரி எரிமலை போதுமா? பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது?

அந்த மாதிரி முதல் ஐந்து நிமிடத்துக்குப் போதும். அதோடு நிறுத்திவிட்டால் குழந்தைகள் மனதில் இரண்டு தப்பான எண்ணங்கள் பதிந்துவிடும். ஒன்று, எரிமலை வெடிப்பது ஏதோ இரண்டு ரசாயனங்கள் கலப்பதால் என்பது. இன்னொன்று, எரிமலையில் பயப்பட வேண்டியது சிவப்பாக வழிந்து வரும் குழம்புக்கு மட்டும்தான் என்பது. முதல் தப்பால் தேர்வில் மதிப்பெண் போகும். இரண்டாவது தப்பால் உயிரே போகலாம்.

என் பரிந்துரை, ஒவ்வொரு ஆபத்தையும் ஒரு திசையோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். நிலம் குலுங்கினால் மேசைக்கு அடியில். சாம்பல் கொட்டினால் வீட்டுக்கு உள்ளே. சேற்று வெள்ளமோ சுனாமியோ வந்தால் மேட்டுக்கு மேலே. மலை வெடிக்கப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தால் அதைவிட்டுத் தொலைவுக்கு. அடியில், உள்ளே, மேலே, தொலைவுக்கு என்று நான்கே சொற்கள். இவை ஒன்றுக்கொன்று முரணானவை என்பதைக் கவனியுங்கள். சாம்பலுக்குச் சரியான 'உள்ளே', சேற்று வெள்ளத்துக்குச் சரிவராது. அதனால்தான் எது எப்படி நடக்கிறது என்ற அறிவியலும் தேவைப்படுகிறது. காரணம் புரிந்த குழந்தைக்குத் திசை மறக்காது. புதிய சூழலிலும் தானே யோசித்து முடிவெடுக்கும்.

ஒரு பள்ளிப் பாடம் என்ன செய்யும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 சாட்சி. அன்று தாய்லாந்தின் புகெட் தீவில், மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்தது, தண்ணீர் வந்துவிட்டுத் திரும்பிப் போகாமல் மேலும் மேலும் ஏறி வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமிப் பாடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவள் விடாமல் சொன்னதால் கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். சுனாமி என்றால் என்ன என்ற வரையறை மட்டும் அவளுக்கு அங்கே உதவியிருக்காது. இந்த அறிகுறியைக் கண்டால் இதைச் செய் என்ற இணைப்புதான் உதவியது.

இனி அறிவியல். பூமியின் மெல்லிய ஓட்டுக்கு அடியில் எங்கு பார்த்தாலும் கொதிக்கும் குழம்பு நிரம்பியிருக்கிறது என்றுதான் பெரும்பாலான குழந்தைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் அடுக்கு பெரும்பாலும் திடமான பாறை. கடும் வெப்பத்தில் இருந்தாலும் மேலிருந்து அழுத்தும் எடை அதை உருக விடுவதில்லை. சில இடங்களில், சில காரணங்களால் மட்டும் அதில் ஒரு பகுதி உருகுகிறது. பூமியின் மேல்பகுதி பிரிந்திருக்கும் பெரும் துண்டுகளான நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் அழுத்தம் குறைவதால் உருகும். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும்போது கடல்நீரையும் கூடவே கொண்டுபோகும். அந்த நீர் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி எரிமலைகள் ஒரு வளையமாக இருப்பதற்கு இதுவே காரணம். மூன்றாவது, ஹவாய் போல ஆழத்திலிருந்து கூடுதல் வெப்பம் மேலேறி வரும் இடங்கள். வெளியே அடிக்கும் வெயிலுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட அன்டார்க்டிகாவின் எரிபஸ் மலை படத்தைக் காட்டுங்கள். சுற்றிலும் பனி, உச்சியில் லாவா ஏரி.

உருகிய பாறை சுற்றியுள்ள திடப்பாறையைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் மேலே ஏறுகிறது. அதற்குள் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு குமிழியாகப் பிரியும், குமிழிகள் விரியும். வெடிப்புக்கு உந்துசக்தி இந்த வாயுதான். குழம்பு இளகலாக இருந்தால் வாயு எளிதில் தப்பிவிடும், லாவா வழிந்தோடும். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) அதிகமாகிக் குழம்பு கெட்டியானால் வாயு மாட்டிக்கொள்ளும். கடைசியில் குழம்பையே பொடிப்பொடியாகச் சிதறடித்துக்கொண்டு வெளியேறும். அந்தப் பொடிதான் எரிமலைச் சாம்பல்.

இதை மூன்று செய்முறைகளில் காட்டிவிடலாம்.

முதலில் பழைய வினிகர் மாதிரி. 5 சதவீத வினிகர் 100 மி.லி.க்குச் சுமார் 7 கிராம் சமையல் சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். அதற்குமேல் போடுவது வினைபுரியாமல் அடியில் தங்கிவிடும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். நுரை வேண்டுமானால் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விடுங்கள். சோடாவை மெல்லிய காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிப் போட்டால் கட்டிதட்டாது. கையை எடுக்கவும் நேரம் கிடைக்கும். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரைப் போட்டுவிட்டால் நுரை மந்தமாக வரும். பல வகுப்புகளில் சோதனை சொதப்புவது இதனால்தான். எந்தக் காரணத்துக்காகவும் பாட்டிலை மூடக் கூடாது, வெடித்துவிடும். குனிந்து பார்க்கும் குழந்தைகளுக்குக் கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "இதில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வாயுவைப் புதிதாக உண்டாக்கின. எரிமலையில் வாயு ஏற்கெனவே உள்ளே கரைந்திருக்கிறது."

அந்தக் கரைந்த வாயுவைக் காட்ட, நிறமில்லாத சோடா பானம் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும். திறக்கும் முன் கையில் கொடுங்கள். குமிழி எதுவும் தெரியாது, அழுத்தினால் அமுங்காது. இப்போது மூடியைக் கால் திருகு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். 'புஸ்' என்ற சத்தம் வந்த நொடியில் பாட்டில் முழுக்க, அடிவரை, குமிழிகள் முளைக்கும். உடனே இறுக்கி மூடினால் குமிழி அடங்கும். திறப்பு, மூடல், திறப்பு என்று மூன்று முறை செய்து பார்த்த குழந்தைக்கு அழுத்தம் குறைந்தால் வாயு பிரியும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குலுக்கித் திறக்கும் கட்டத்தை மட்டும் வெளியே திறந்தவெளியில், முகத்தை விலக்கி வைத்துச் செய்யுங்கள்.

மூன்றாவது, ஒரு தம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் தேன் அல்லது கெட்டியான சர்க்கரைப் பாகு. ஆளுக்கொரு உறிஞ்சுகுழாய் கொடுத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் சட்டென்று மேலே வந்து உடையும். பாகில் அதிகம் ஊத வேண்டியிருக்கும்; பெரிய குமிழி மெல்ல எழும்பி, உடையும்போது தெறிக்கும். ஹவாயின் கிலாவெயா ஏன் பெரும்பாலும் வழிகிறது, அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று ஏன் வெடித்தது என்ற வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. செயின்ட் ஹெலன்ஸில் இன்னொரு விஷயமும் நடந்தது: ஒரு நிலநடுக்கத்தில் மலையின் வடக்குச் சரிவு சரிந்து விழுந்தது; மேலிருந்த எடை திடீரென விலகியதால் உள்ளிருந்த அழுத்தம் பக்கவாட்டில் பீறிட்டது. பாட்டில் மூடியைப் பற்றிப் பேசிய கையோடு இதையும் சொல்லலாம்.

இப்போது மனிதர்களைக் கொல்வது எது என்ற பகுதிக்கு வருவோம். பாடப்புத்தகங்கள் சுருக்கிவிடும் பகுதி இது. வகுப்பில் அதிக நேரம் தரவேண்டியதும் இதற்குத்தான்.

லாவா பெரும்பாலும் மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் வரும். வீட்டையும் வயலையும் அழிக்கும். ஆளுக்கு விலகிப்போக நேரம் கிடைக்கும். 2018இல் கிலாவெயா வெடிப்பில் சுமார் 700 வீடுகள் அழிந்தன. லாவா ஓட்டத்தில் சிக்கி ஒருவரும் சாகவில்லை. விதிவிலக்கும் உண்டு. காங்கோவின் நியிராகொங்கோ மலையின் லாவா மிக இளகலானது; சரிவில் வாகன வேகத்தில் இறங்கக்கூடியது.

பைரோகிளாஸ்டிக் பாய்வு அப்படியல்ல. பல நூறு டிகிரி சூடுள்ள வாயு, சாம்பல், பாறைத்துண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தரையை ஒட்டிப் பாய்வது. மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போவது சாதாரணம். ஓடித் தப்ப முடியாது, வீட்டுக்குள் ஒளிந்தும் தப்ப முடியாது. 1902 மே 8 அன்று மார்டினிக் தீவின் பெலே மலையிலிருந்து வந்த பாய்வு செயின்ட் பியர் நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். இதற்கு ஒரே பாதுகாப்பு முன்கூட்டியே வெளியேறுவது. குழந்தைகளிடம் இதை நேராகவே சொல்லலாம்: "இதற்கு மட்டும் அந்த நேரத்தில் செய்ய எதுவும் இல்லை. அதனால்தான் கிளம்பச் சொன்னால் அன்றைக்கே கிளம்ப வேண்டும், மலை அமைதியாகத் தெரிந்தாலும் சரி."

கண்ணால் பார்க்காததை மக்கள் நம்புவதில்லை என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. பிரெஞ்சு எரிமலையியலாளர்களான மோரிஸ், காட்யா கிராஃப்ட் தம்பதி இத்தகைய பாய்வுகளை அருகிலிருந்து படம்பிடித்திருந்தார்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ மலை விழித்தபோது, அந்தக் காட்சிகள் அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் போட்டுக்காட்டப்பட்டன. வரப்போவது என்னவென்று புரிந்தது. ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன் பல்லாயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் மலையில் அதே வகைப் பாய்வில் கிராஃப்ட் தம்பதி உட்பட 43 பேர் உயிரிழந்தார்கள்.

பினட்டுபோவில் இறந்தவர்களில் பலரைக் கொன்றது எது என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். யாரும் "கூரை" என்று சொல்ல மாட்டார்கள். வெடிப்பு நடந்த அதே நாளில் சூறாவளி மழையும் சேர்ந்தது. விழுந்த சாம்பல் மழையில் நனைந்து கனத்தது, கூரைகள் இடிந்து விழுந்தன. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. பொடியான பாறையும் கண்ணாடியும். தண்ணீரில் கரையாது, கண்ணை அறுக்கும், நனைந்தால் மின்சாரத்தைக் கடத்தும். பத்து செ.மீ. நனைந்த சாம்பல் ஒரு சதுர மீட்டரில் 100 கிலோவைத் தாண்டும். காலணிப் பெட்டி ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டிவிட்டு மெல்லிய அட்டையைக் கூரையாக வையுங்கள். இரண்டு செ.மீ. உலர்ந்த மணலைப் பரப்புங்கள், தாங்கும். பிறகு தெளிப்பானால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள். அட்டை நடுவில் தொய்ந்து, ஓரம் நழுவி, மொத்தமும் உள்ளே சரியும். உள்ளே ஒரு பொம்மையை வைத்திருந்தால் வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிடும்.

சேற்று வெள்ளத்துக்கு, லஹார் என்பார்கள், ஒரு தட்டும் ஈர மணலும் போதும். சுமார் 60 செ.மீ. நீளமுள்ள தட்டில் 20 செ.மீ. உயரத்துக்கு மணல் மலை கட்டுங்கள். விரலால் உச்சியிலிருந்து அடிவரை இரண்டு பள்ளத்தாக்குகளை இழுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு காகித வீடுகளைக் கொடுத்து, "உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஊர் அமையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். எதையும் எச்சரிக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகள் பள்ளத்தாக்கு முடியும் சமதளத்தில்தான் வந்து உட்காரும். வீடு சாயாமல் நிற்பது அங்கேதான். நிஜ மனிதர்களும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே குடியேறுகிறார்கள்: சமநிலம், ஆறு, வளமான மண். இப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று கோப்பை களிமண் கலந்து உச்சியில் ஊற்றுங்கள். சேறு மலை முழுக்கப் பரவாது. பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கி, முடிவில் விசிறிபோல் விரிந்து, வீடுகளைப் புரட்டிக்கொண்டு போகும். பக்கத்து மேட்டில், ஐந்து செ.மீ. உயரத்தில் இருக்கும் வீடு நனையக்கூட நனையாது. அந்த ஐந்து செ.மீட்டரை அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். "நீ இந்த வீட்டில் இருந்தால் எந்தப் பக்கம் போவாய்?" என்று கேளுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடுவேன் என்று சில குழந்தைகள் சொல்வார்கள். மறுபடி ஊற்றிக் காட்டுங்கள்.

அதன் பிறகு ஆர்மெரோவைப் பற்றிச் சொல்லலாம். 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலையில் பெரிதென்று சொல்ல முடியாத ஒரு வெடிப்பு. அது உச்சிப் பனியை உருக்கியது. சேறு பள்ளத்தாக்கு வழியே பல பத்து கிலோமீட்டர் இறங்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகு ஆர்மெரோ நகரத்தை அடைந்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். ஆபத்து வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராக இருந்தது. அருகில் மேடும் இருந்தது. நேரமும் மேடும் இருந்தும் மக்களுக்குத் தெளிவான சொல் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவின் ரெய்னியர் மலையடிவாரப் பள்ளிகளில் மாணவர்கள் வகுப்பு வகுப்பாக நடந்தே மேட்டுக்குப் போய்ப் பழகுகிறார்கள். எல்லோரும் காரில் ஏறினால் சாலை அடைத்துக்கொள்ளும் என்பதால் நடை. லஹார் வெடிப்பு நின்ற பிறகும் வரும். பினட்டுபோவில் பல ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்காலமும் வந்துகொண்டிருந்தது. பாலத்தைக் கடக்கும் முன் ஆற்றின் மேல்பக்கம் பார்க்க வேண்டும். சேறு வருவது தெரிந்தால் கடக்கவே கூடாது.

குழந்தைகளின் உயரத்தோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. 1986 ஆகஸ்டில் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து கிளம்பிய இந்த வாயு சுமார் 1,700 பேரைக் கொன்றது. எரிமலைப் பகுதியில் பள்ளத்தில் இறங்கி விளையாடக் கூடாது, செத்த பறவையோ சிறு விலங்கோ கிடக்கும் குழிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. பெரியவர் மூக்கு இருக்கும் உயரத்தில் காற்று நன்றாக இருக்கும்போதே குழந்தையின் மூக்கு இருக்கும் உயரத்தில் அது கெட்டிருக்கலாம்.

சாம்பல் கொட்டும்போது செய்ய வேண்டியவை: உள்ளே வருவது, கதவு ஜன்னல்களை மூடுவது, கதவடி இடைவெளியில் ஈரத்துண்டு வைப்பது, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குளிர்சாதனத்தை நிறுத்துவது, தண்ணீர்த் தொட்டியை மூடுவது. வெளியே போயே ஆகவேண்டியவர் என்95 முகக்கவசமும் நன்கு பொருந்தும் கண்ணாடியும் அணிய வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் கூடாது. துணியை நனைத்துக் கட்டினால் நன்றாக வடிகட்டும் என்று பலரும் சொல்கிறார்கள்; நனைப்பதால் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. வேறு எதுவுமே இல்லாதபோது துணி பரவாயில்லை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கான முகக்கவசம் சின்ன முகத்தில் சரியாகப் பதியாது, ஓரங்களில் காற்று புகும். எனவே குழந்தைகளுக்கு முதன்மையான பாதுகாப்பு உள்ளே இருப்பதுதான். ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண் உறுத்தினால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சாம்பலைக் கூட்டும் முன் லேசாகத் தெளித்தால் போதும். வெள்ளமாக ஊற்றினால் கூரையில் கனம் ஏறும், சாக்கடையில் போய் இறுகும். குழந்தைகள் சாம்பலில் விளையாடக் கூடாது.

எரிமலைக்குப் பக்கத்தில் இல்லாத குழந்தைகளுக்கும் நிலநடுக்கமும் வெள்ளமும் வரலாம். அதனால் நான்கு திசைகளையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

நிலநடுக்கத்தில் மூன்று அசைவுகள்: மண்டியிட்டுக் குனி, மேசைக்கு அடியில் தலையையும் கழுத்தையும் மறை, மேசைக் காலைப் பிடித்துக்கொள். மூன்றாவதைத்தான் பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். குலுக்கலில் மேசை நகர்ந்து போகும். பிடித்திருந்தால்தான் அதோடு சேர்ந்து நகர முடியும். குலுங்கும்போது ஓடினால் விழுவோம், அல்லது மேலே ஏதாவது விழும். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை சக்கரத்தைப் பூட்டி, குனிந்து, கைகளால் தலையை மறைக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: கனமான கூரையுள்ள மண்வீட்டின் தரைத்தளத்தில், வாசலுக்கு ஓரிரு எட்டு தூரத்தில் இருந்தால் உடனே வெளியேறுவதே மேல்.

கடற்கரையில் நிலம் 20 நொடிக்கு மேல் குலுங்கினாலும், நிற்கமுடியாத அளவு பலமாகக் குலுங்கினாலும், கடல் அசாதாரணமாகப் பின்வாங்கினாலும், இரைச்சல் கேட்டாலும், சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். மேட்டுக்குப் போக வேண்டும். 30 மீட்டர் உயரம் அல்லது 3 கி.மீ. உள்நிலம் என்பது பொதுவான இலக்கு. முதல் அலையே பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, பல மணி நேரம் அலைகள் தொடரலாம். நிலநடுக்கமே இல்லாமலும் சுனாமி வரும்: 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவில் அனாக் கிரகட்டாவு எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுந்த அலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளத்தைப் பற்றி ஒரே அளவு போதும். வேகமாக ஓடும் 15 செ.மீ. தண்ணீர் பெரியவரையே தடுமாறவைக்கும். குழந்தை அதில் கால் வைக்கவே கூடாது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது நடந்த இரண்டு சம்பவங்களை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். கமாய்ஷி நகரின் உனொசுமாய் பகுதியில் அடுத்தடுத்து ஒரு நடுநிலைப்பள்ளியும் ஒரு தொடக்கப்பள்ளியும் இருந்தன. ஆபத்து வரைபடத்தில் அவை வெள்ளம் வராத பகுதியாகக் காட்டப்பட்டிருந்தன. ஆனாலும் பெரிய மாணவர்கள் உடனே மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துச் சிறியவர்களும் சேர்ந்தார்கள், பெரிய மாணவர்கள் அந்தச் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தை அடைந்தும் அங்கே நிற்காமல் இன்னும் மேலே, பிறகு இன்னும் மேலே போனார்கள். அன்று பள்ளியில் இருந்த சுமார் 570 பேரும் பிழைத்தார்கள். இரண்டாவது சம்பவம் ஒகாவா தொடக்கப்பள்ளியில் நடந்தது. அங்கே பின்னாலேயே குன்று இருந்தது. எங்கே போவது என்ற முடிவுக்கு வராமல் சுமார் 50 நிமிடம் மைதானத்திலேயே இருந்தார்கள். 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள்.

கமாய்ஷியில் பேராசிரியர் கடாடா தோஷிடாகா பல ஆண்டுகள் கற்றுத்தந்தவை மூன்று: வரைபடத்தையும் முன்னனுமானத்தையும் மட்டும் நம்பாதே, அந்த நேரத்தில் முடிந்த அளவு முழுமையாகச் செய், முதலில் ஓடுபவனாக நீ இரு. இந்த மூன்றாவது குழந்தைகளுக்கு மிகக் கடினம். எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் ஓட வெட்கமாக இருக்கும். அதனால் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் வேறொரு குழந்தையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்து, "கிளம்பு!" என்று உரக்கச் சொல்லவையுங்கள்.

பயிற்சி என்றால் மணி அடித்து வரிசையில் நிற்பதோடு முடிந்துவிடக் கூடாது. ஒருமுறை வழக்கமான படிக்கட்டை நாற்காலி போட்டு மறித்துவிட்டு வேறு வழி தேடவையுங்கள். ஒருமுறை மதிய உணவு நேரத்தில் நடத்துங்கள். கழிப்பறையில் இருக்கும் குழந்தையை யார் அழைத்து வருவார்கள் என்பது அப்போதுதான் தெரியும். நிலநடுக்கப் பயிற்சியில் 60 நொடி மேசைக்கு அடியிலேயே இருக்கவையுங்கள். அது எவ்வளவு நீளமானது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். மேட்டுக்குப் போகும் பயிற்சியில் மிக மெதுவாக நடக்கும் குழந்தையின் நேரத்தைக் குறியுங்கள். உங்கள் திட்டத்தின் உண்மையான அளவு அதுதான்.

அவசரப் பையில் குழந்தைக்கென்று தனியாக ஒன்று. அதன் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 25 கிலோ குழந்தைக்கு இரண்டரைக் கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர் என்பது குடும்பத்துக்கான கணக்கு, அதைக் குழந்தை சுமக்க முடியாது. குழந்தையின் பையில் அரை லிட்டர் தண்ணீர், விசில், சின்ன டார்ச், மெல்லிய மேலாடை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, பிடித்த சின்னப் பொம்மை ஒன்று. பொம்மையை வீண் என்று எடுத்துவிடாதீர்கள். முகாமில் முதல் இரவு தூங்கவைப்பது அதுதான். மூன்று முறை விசில் ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். கத்தினால் தொண்டை போகும், தூசியும் உள்ளே போகும்.

பயத்தைப் பற்றி. ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு அழிவுக் காட்சிகளைக் காட்ட வேண்டாம். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் அது மறுபடி மறுபடி நடக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். பெரிய குழந்தைகளுக்கு முதலில் வரைபடத்தை விரித்து, நம் இடம் எங்கே, எரிமலை எங்கே என்று அளக்கவிடுங்கள். தூரத்தைத் தாங்களே அளந்து பார்த்தாலே பாதிப் பயம் இறங்கும். "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; "வந்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள், அது உண்மை. வகுப்பை ஒருபோதும் சோகமான காட்சியில் முடிக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் மேசைக்கு அடியில் புகுவதோ, பையை அடுக்குவதோ, மேட்டுக்கு வழி வரைவதோ, கைக்கும் காலுக்கும் வேலை தரும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். நிஜமான பேரிடருக்குப் பிறகு சில வாரம் தூக்கம் கெடுவதும், படுக்கையை நனைப்பதும், ஒட்டிக்கொண்டே இருப்பதும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும்.

வீட்டில் பெற்றோர் செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பலர் செய்வதில்லை. வீட்டுக்கு வெளியே சந்திக்கும் இடம் ஒன்று, அந்தப் பகுதிக்கே போக முடியாவிட்டால் சந்திக்கும் இடம் இன்னொன்று. வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணைக் குழந்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் அழைப்புகள் நெரிசலில் போகாதபோது அவர் வழியாகச் செய்தி சேரும். அழைப்பைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போகும். அலைபேசியில் பதிந்திருக்கும் எண் போதாது, மின்கலம் தீர்ந்துவிடும். பள்ளியில் யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்ற பட்டியலில் மூன்று பெயர்களாவது இருக்கட்டும். அந்த மூவரும் பள்ளிக்கு நடந்தே வரக்கூடியவர்களா என்று பாருங்கள். சுனாமி அல்லது லஹார் எச்சரிக்கை இருக்கும்போது குழந்தையை அழைக்கப் பள்ளிக்கு ஓடக் கூடாது. பள்ளி எந்த மேட்டுக்குப் போகும் என்பதை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஆபத்து நீங்கியதும் அந்த மேட்டுக்குப் போக வேண்டும். "அம்மாவும் அப்பாவும் அவர்களுக்குப் பக்கத்தில் உள்ள மேட்டுக்குப் போயிருப்பார்கள், நீ உன் ஆசிரியரோடு போ, வீட்டுக்குத் திரும்பி வராதே" என்பதைக் குழந்தையிடம் இன்றைக்கே, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.